தாழ்த்திய வண்டியில் மூன்று கீறல்

என் மகள் காரைத் தாழ்த்திக்கொண்டு வந்த சனிக்கிழமை மாலை, குடியிருப்பு வாசலில் உள்ள வேகத்தடையில் வண்டியின் வயிறு உரசிய சத்தம் மூன்றாம் மாடியில் இருந்த எனக்குக் கேட்டது. பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தேன். எங்கள் வெள்ளை வண்டிதான். ஆனால் யாரோ மேலே உட்கார்ந்து அமுக்கிவிட்டதுபோலக் குட்டையாக இருந்தது. சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே முன்பு என் உள்ளங்கை தாராளமாக நுழையும். இப்போது இரண்டு விரல் நுழைந்தால் அதிகம். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியிறங்கி ஓடினேன்.

நான் ஏன் அப்படிக் கொதித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்றுதான், கார் ஸ்பிரிங். திருச்சியிலிருந்து இருபத்தாறு வயதில் புனே வந்து, நிக்டியில் வீடு, ரஞ்சன்காவில் வேலை என்று முப்பது வருடம் ஓடிவிட்டது. காலையில் கம்பெனி பஸ், மாலையில் கம்பெனி பஸ். நடுவில், சுருட்டி வரும் ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று சொல்வது என் வேலை. இறுதிச் சோதனைப் பிரிவில் என் கையெழுத்து இல்லாமல் எதுவும் வெளியே போகாது. மகள் இந்த வண்டியை வாங்கியதே அதில் எங்கள் ஸ்பிரிங் இருக்கிறது என்பதற்காகத்தான். தோழிகளிடம் அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வாள். அவளே இப்போது என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதைக் கழற்றிவிட்டு வந்து நிற்கிறாள்.

"எப்டி இருக்குப்பா? ஸஹி ஹை நா?" என்றாள். ஜோராக இருக்கிறதல்லவா என்று. விமான் நகரில் கணினி வேலை பார்க்கிறாள். பிறந்து வளர்ந்தது இங்கே என்பதால் தமிழுக்கு நடுவே இந்தி அதுபாட்டுக்கு வந்துவிடும்.

"யாரைக் கேட்டு இதைப் பண்ணின?"

"என் வண்டிப்பா. வளைவுல சாயவே மாட்டேங்குது தெரியுமா? ஒரு ரவுண்டு போய்ப் பாரு. அப்புறம் திட்டு."

போய்ப் பார்த்தேன். மறைக்காமல் சொல்ல வேண்டும், நன்றாகத்தான் இருந்தது. மேம்பாலத்து வளைவில் வண்டி தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு திரும்பியது. ஐம்பத்தாறு வயதில் எனக்கே ஒரு கணம் இன்னும் கொஞ்சம் அழுத்தலாமா என்று ஆசை வந்தது. பாலம் முடிந்து, மழை தோண்டி வைத்த குழி ஒன்றில் சக்கரம் இறங்கியதும் அந்த ஆசை போய்விட்டது. அடி நேராக என் முதுகுத்தண்டில் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் பாடம் எடுத்தேன். வண்டி செய்தவன் ஸ்பிரிங்கின் உயரத்தைச் சும்மா வைக்கவில்லை, சக்கரம் ஏறி இறங்க இவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் வைத்தான். இந்த ஊர் குழிக்கும் வேகத்தடைக்கும் அந்த இடம் போதுவதே பெரிய விஷயம். அதில் பாதியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அழகு வாங்கி வந்திருக்கிறாய். வளைவில் கிடைக்கும் சுகம் அரை நிமிடம், குழியில் வாங்கும் அடி நாள் முழுக்க. டயர் உரசும், ஷாக் அப்சார்பர் சீக்கிரம் போகும். இன்னும் நிறையச் சொன்னேன். மகள் மொபைலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உங்கப்பா சொல்றதும் சரிதான். ஆனா எனக்கு ஏறி உட்கார இப்பத்தான் சௌகரியமா இருக்கு" என்றாள் என் மனைவி. அவளுக்கு முழங்கால் வலி.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. "இந்த வண்டியில நான் ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். மறுநாள் மும்பை செம்பூரில் என் மைத்துனி மகளுக்கு வளைகாப்பு. மூவரும் போவதாக இருந்தது. காலை ஆறரைக்கு அம்மாவும் மகளும் பட்டுப்புடவையும் வளையல் பெட்டியுமாகக் கிளம்பினார்கள். நான் வீம்புக்குப் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போய்வருகிறோம் என்று மனைவி சொன்னபோதும் தலையை நிமிர்த்தவில்லை.

அவர்கள் போன பிறகு காப்பி போட்டுக்கொண்டு மொபைலை எடுத்தேன். ஸ்பிரிங் மாற்றிய கடையில் எடுத்த போட்டோ ஒன்றை மகள் முந்தின நாளே குடும்பக் குழுவில் போட்டிருந்தாள். கோபத்தில் நான் அதைத் திறக்கவேயில்லை. பளபளக்கும் சிவப்பு ஸ்பிரிங் ஒன்றை இரண்டு கையாலும் கோப்பை வாங்கியவள்போலத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறாள். அதில் ஏதாவது குறை கண்டுபிடித்து, சாயங்காலம் அவள் வந்ததும் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்று போட்டோவைப் பெரிதாக்கினேன். கம்பெனி முத்திரை இல்லை, லாட் எண் இல்லை. பெயின்ட்டும் தடியாக, கையால் அடித்ததுபோல இருந்தது. இன்னும் பெரிதாக்கினேன். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று கேமராவுக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் பெயின்ட்டுக்கு அடியில் மூன்று கோடுகள் பள்ளமாகத் தெரிந்தன. ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, சற்றே சாய்வாக.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். அது என் அரம் போட்ட கீறல்.

எங்கள் தொழிற்சாலையில் தேறாத ஸ்பிரிங்குக்குச் சிவப்பு மை தடவி ஒதுக்குவார்கள். எல்லோரும் செய்வது அவ்வளவுதான். ஒருமுறை யாரோ தின்னரால் மையைத் துடைத்துவிட்டு, ஒதுக்கியதை நல்ல பெட்டியில் சேர்த்துவிட்டார்கள். பெரிய ரகளை. அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். என் கையில் தேறாத ஒவ்வொரு ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றிலும் அரத்தை எடுத்து மூன்று இழுப்பு. மையைத் துடைக்கலாம், அரத்தின் கீறலைத் துடைக்க முடியாது. இதற்காக எனக்குக் கூட்டத்தில் கைதட்டல்கூடக் கிடைத்தது. நல்ல ஸ்பிரிங்கில் யாராவது அப்படிக் கீறினால் அவன் கையை முறித்துவிடுவேன். சின்னக் கீறல் இருந்தால் போதும், ஆயிரம் தடவை அமுங்கி எழும்போது விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். ஆனால் இவை வெட்டி உருக்கப் போகிறவை. இனி எந்த வண்டியையும் தாங்கப் போவதில்லை என்ற தைரியத்தில்தான் கீறினேன்.

வெட்டுவதுதான் கடைசி வேலை. ஒதுக்கிய ஸ்பிரிங் ஒவ்வொன்றையும் கேஸ் கட்டரால் இரண்டாக வெட்டி, வெட்டியதை நான் பார்த்து, தாளில் கையெழுத்துப் போட்ட பிறகே பழைய இரும்பு லாரியில் ஏற்ற வேண்டும். ஐந்து மாதத்துக்கு முன் உலையில் சூடு தப்பிப்போய், ஒரு ஷிஃப்ட் முழுக்க வந்த ஸ்பிரிங்குகள் அமுக்கி விட்ட பிறகு பழைய உயரத்துக்கு எழாமல் குட்டையாகவே நின்றன. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்குமாக நாற்பத்திரண்டு. எல்லாவற்றையும் நானே கீறி ஒதுக்கினேன். அன்று மாலை கேஸ் சிலிண்டர் காலி. புதியது வர அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். லாரி நிற்கிறது. என் பஸ் ஐந்தே காலுக்கு. அதை விட்டால் ரஞ்சன்காவிலிருந்து நிக்டிக்கு மூன்று வண்டி மாற வேண்டும். "காட் கே ஹி பேஜேங்கே, ஸாஹேப்" என்றான் லோடிங் ஆள். வெட்டித்தான் அனுப்புவோம் என்று. நான், தாளில் 'வெட்டியாயிற்று' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். மறுநாள் கேட்கவும் இல்லை.

வெட்டாத ஸ்பிரிங்குகள் யார் யார் கையிலோ புகுந்து, சிவப்புப் பெயின்ட் பூசிக்கொண்டு, வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங் என்ற பெயரில் கடைக்கு வந்திருக்கின்றன. குட்டையாகப் போனதால் நான் ஒதுக்கியதை, குட்டையாக இருப்பதாலேயே என் மகள் ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறாள். அதே மாடல் வண்டி. கச்சிதமாகப் பொருந்தியிருக்கும்.

மணி ஏழே கால். அவர்கள் இந்நேரம் கண்டாலா மலைச்சரிவில் இறங்கிக்கொண்டிருப்பார்கள்.

மகளுக்கு அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது. வண்டி ஓட்டும்போது யார் கூப்பிட்டாலும் போனை எடுக்கக் கூடாது என்று சொல்லி வளர்த்தவன் நான்தான். மனைவிக்கு அடித்தேன். சமையலறையிலிருந்து சத்தம் வந்தது. அவளுடைய போன் மிக்ஸிக்குப் பக்கத்தில் சார்ஜரில் கிடந்து வெளிச்சம் காட்டியது.  அங்கேயே தரையில் உட்கார்ந்தேன்.

எங்கள் சோதனை அறையில் ஒரு இயந்திரம் ஸ்பிரிங்கை இரவு பகலாக அமுக்கி அமுக்கி எடுக்கும். உடையும்போது பெரிதாக எந்தச் சத்தமும் வராது. தேங்காய் உடைப்பதுபோல ஒரே ஒரு 'டக்'. அவ்வளவுதான், மேலே இருக்கும் எடை ஒரு பக்கமாக உட்கார்ந்துவிடும். இத்தனை வருடம் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். இப்போது அந்தச் சத்தம் மட்டுமே காதில் கேட்டது. இறக்கத்தில், பக்கத்தில் லாரி உறுமிக்கொண்டு வரும் வளைவில், சாயவே மாட்டேங்குது என்று சொல்லிக்கொண்டே அவள் அழுத்தும்போது உடைந்தால்? உடைந்த முனை டயரைக் கிழித்தால்? மனைவி பின்சீட்டில் பெல்ட் போட மாட்டாள், புடவை கசங்கும் என்பாள். இரண்டு தடவை கழிவறைக்குப் போய்வந்தேன். அங்கேயும் போனைக் கையை விட்டு இறக்கவில்லை.

மைத்துனிக்கு அடித்தேன்.

"இன்னும் வரலையே மாமா. நீங்க ஏன் வரல? கோவமாமே?" என்று சிரித்தாள். பின்னால் நாதஸ்வர ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது.

"வந்த உடனே எனக்குப் பேசச் சொல்லும்மா. உடனே."

"ஏன் மாமா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

ஒன்றுமில்லை என்றேன். ஏழரை. ஏழே முக்கால். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மகளுக்கு அடித்தேன். பிறகு வேறொரு பயம் வந்தது. ஓயாமல் மணி அடித்தால் அவள் கண் சாலையை விட்டுப் போகுமே என்று நிறுத்தினேன். நிறுத்தினால், ஒருவேளை வண்டியை ஓரங்கட்டி எடுப்பாளோ என்று மறுபடி அடித்தேன். எட்டு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. போலீஸ்தான், முடிந்தது என்று நினைத்தேன்.  எடுத்தால், கடன் வேண்டுமா ஸார் என்றது ஒரு பெண் குரல். அந்தப் பெண்ணுக்கு நான் நன்றி சொன்னேன்.

காலையில் அவர்கள் கிளம்பும்போது பேப்பரைக் கீழே வைத்திருந்தால் மனைவியின் முகத்தையாவது பார்த்திருக்கலாம். அது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

ஒன்பது பத்துக்கு மகளே கூப்பிட்டாள். "பதினேழு மிஸ்டு கால்! க்யா ஹோ கயா அப்பா? இப்பத்தான் வந்து சேர்ந்தோம்."

 "ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கோம். மலைல மக்கன் மாதிரி, வெண்ணெயா இறங்குச்சு வண்டி. அம்மா தூங்கிட்டே வந்தா."

"கண்ணு, அந்த வண்டியை இனிமே எடுக்காதே. ஒரு அடி நகர்த்தாதே. சாவியைச் சித்திகிட்ட குடுத்துடு."

அவள் பெருமூச்சு விட்டாள். "அப்பா, ப்ளீஸ். நேத்திக்கே லெக்சர் முடிஞ்சுது. மத்தியானம் சாப்டுட்டு மெதுவா வர்றோம். போதுமா?"

"உடைஞ்சுடும்டா."

"உடையும் உடையும்னு நேத்திலேர்ந்து இதையேதான் சொல்ற. கடைக்காரன் கேரண்டி குடுத்திருக்கான்."

எனக்குப் புரிந்துவிட்டது. வெறுமனே தடுத்தால் இவள் கேட்க மாட்டாள். நேற்றைய கோபத்தின் மிச்சம் என்றே நினைப்பாள். மதியம் சாப்பிட்டுவிட்டு அதே வண்டியில் அம்மாவை ஏற்றிக்கொண்டு அதே மலையில் ஏறுவாள். அவளை நிறுத்த என்னிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. முப்பது வருடம் இந்த வீட்டில் நான் சேர்த்து வைத்த பெயர் அதோடு போய்விடும் என்பதும் தெரிந்தது.

"அதுல மூணு கீறல் இருக்கு. அது நான் போட்டது" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். சிலிண்டர் காலியானதை, லாரி நின்றதை, ஐந்தே கால் பஸ்ஸை. நடுவில் அவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்போல. நாதஸ்வரம் நின்றது தெரிந்தது. 

பிறகு மனைவியின் குரல் கேட்டது. "ஏங்க, பார்க்காமயா கையெழுத்துப் போட்டீங்க?"

வீட்டுக் கரண்ட் பில்லைக்கூட நான் இரண்டு முறை படித்துத்தான் மடிப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். ஆமாம் என்றேன்.

"அப்பா, வண்டியை எடுக்கல" என்றாள் மகள்.

மகள், கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளை வீட்டுக்குக் கொண்டுவந்து பால்கனியில் போட்டிருந்தாள். நான்கையும் கோணிச் சாக்கில் கட்டி, மும்பை பஸ்ஸில் ஏறினேன். "காய் ஆஹே காகா?" என்று கண்டக்டர் சாக்கைக் காட்டிக் கேட்டார். ஸ்பிரிங் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே எதுவும் கேட்கவில்லை.

செம்பூரில் ஒரு மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்திச் சிவப்பு ஸ்பிரிங்குகளைக் கழற்றிக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் தின்னர் துணியால் துடைத்தேன். பெயின்ட் போனதும் நான்கிலும் என் மூன்று கீறல்கள். பின்பக்கத்து இடது ஸ்பிரிங்கில், நடுக் கீறலிலிருந்து முடி போன்ற ஒரு கோடு கிளம்பி அரிசி நீளத்துக்குப் போயிருந்தது. நகத்தை வைத்து இழுத்தேன், தட்டியது. மகளைக் கூப்பிட்டு அவள் நகத்தையும் அங்கே வைக்கச் சொன்னேன். அவள் கையில் வளைகாப்புக் கண்ணாடி வளையல்கள் இருந்தன. நகம் தட்டியதும் கையை இழுத்துக்கொண்டாள்.

"அப்பா, மொத்தம் எத்தன இருந்துது?"

"நாற்பத்திரண்டு."

"மத்ததெல்லாம் எங்க?"

நான் அந்த நான்கையும் சாக்கில் போட்டுக் கட்டினேன். திரும்பும் வழியில் அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில், மனைவி பின்சீட்டில். வேகத்தடையில் வண்டி உரசாமல் ஏறி இறங்கியது. 

திங்கட்கிழமை மேலாளரிடம் போய் நானே சொன்னேன். பழைய இரும்புக்காரரிடமும் அந்தக் கடையிலும் ஆள் விட்டுத் தேடினார்கள். இன்னும் எந்த வண்டியிலும் மாட்டாமல் கடையில் இருந்ததும், கடைக்காரர் கூப்பிட்டு வந்த வண்டிகளில் இருந்ததுமாக இருபத்தாறு திரும்பி வந்தன. என் கண் முன்னால் வெட்டினார்கள். என்னைச் சோதனைப் பிரிவிலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். அது நியாயம்தான், எனக்கு அதில் வருத்தமில்லை. மகளுடைய நான்கும் போக, பன்னிரண்டு கிடைக்கவில்லை. பன்னிரண்டு என்றால் மூன்று வண்டி.

அன்றிலிருந்து என் கண் சாலையில் ஒன்றைத்தான் தேடுகிறது. அந்த மாடல் வண்டி குட்டையாக எங்கே நின்றாலும் குனிந்து, பின்சக்கரத்துக்கு உட்புறம் கையை விட்டு, ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றைத் தடவிப் பார்க்கிறேன். இரண்டு இடத்தில் திருடன் என்று விரட்டினார்கள். ஒரு வாட்ச்மேன் சட்டையைப் பிடித்தார். பெரும்பாலும் விரலில் வழவழப்பாகத்தான் படுகிறது. அப்படிப் படும்போது நிம்மதி வருவதில்லை, அந்த மூன்று வண்டியும் வேறெங்கோ ஓடுகிறதே என்று பயம்தான் வருகிறது.

போன ஞாயிறு காலை நிக்டி காய்கறிச் சந்தைக்கு வெளியே நீல நிறத்தில் ஒன்று நின்றது. நன்றாகத் தாழ்த்தியிருந்தார்கள். பையைக் கீழே வைத்துவிட்டு, தரையில் ஒரு பக்கமாகப் படுத்துக் கையை விட்டேன். சேறு. அதற்கடியில் ஒன்று, இரண்டு, மூன்று.

எழுந்தபோது மூச்சு வாங்கியது. வண்டியின் கண்ணாடி வழியே பார்த்தேன். பின்சீட்டில் குழந்தையை உட்கார வைக்கும் இருக்கையும், அதில் ஒரு ஒற்றைச் செருப்பும் கிடந்தன. வண்டியின் முன்னால் போய், யாரும் எடுக்க முடியாதபடி பம்பரை ஒட்டி நின்றுகொண்டேன்.

கால் மணி நேரத்தில் வண்டிக்காரர் வந்தார். முப்பது வயதிருக்கும். தோளில் ஒரு பெண் குழந்தை, பின்னால் மனைவி, கையில் வெந்தயக் கீரை. "க்யா ஹுவா அங்கிள்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இத்தனை நாளாகக் கம்பெனி பஸ்ஸில் எத்தனையோ தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்த இந்தி வாக்கியங்கள் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. குழந்தையை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். அவரைக் குனிய வைத்து, அவர் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய், விரலை அந்த இடத்தில் வைத்தேன். ஒரு கீறலாக நகர்த்தினேன்.

அவர் சிரிப்பு நின்றது. "யே கிஸ்னே கியா?" என்றார். யார் செய்தது இது என்று.

"மைனே" என்றேன். நான்தான்.